நாலாவது கைத் தண்ணீர்

1

குடிநுழைவு அலுவலகத்தில் இருந்த இயந்திரம் என் கட்டைவிரலை ஏற்கவில்லை.

சிதம்பரத்தை விட்டு இந்த ஈப்போ நகரத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மனைவி சபுரா இங்கேயே பிறந்த தமிழ் முஸ்லிம் பெண். அவளுடைய அண்ணன் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் நான் ரொட்டி போடுகிறேன். மலேசியாவில் நான் தங்கியிருப்பது அவளுடைய கணவன் என்ற முறையில்தான். அந்த அனுமதியைக் காலம் முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் போன வருடம் ஒருநாள் காலையில் இரண்டு பேரும் கோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் எண் வந்தது. கண்ணாடிச் சதுரத்தின் மேல் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறு கையை வைத்தேன். மறுபடியும் சிவப்பு. முகப்புக் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் எட்டி என் கையைப் பார்த்தார். தோல் வெளுத்து, வெடித்து, ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. சிமெண்டு வேலையா என்று கேட்டார். ரொட்டிக் கடை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நல்ல பெண். போய்க் கையை நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வாருங்கள், இன்னொரு முறை பார்க்கலாம் என்றார்.

என்னிடம் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை அது.

கழிப்பறைக்குப் போனேன். கையைக் கழுவினேன். நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்குகிறதே, அப்படியே அதற்கான ஒளுவையும் செய்துவிடலாம் என்று தோன்றியது. நான் திரும்பி வந்தபோது எங்கள் எண் போய், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் போய், மதியச் சாப்பாட்டுக்காக முகப்பையே மூடியிருந்தார்கள். சபுரா மடியில் கோப்போடு அதே இடத்தில் இருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. என் சட்டைக் கையைப் பார்த்தாள். தோள்வரை நனைந்திருந்தது.

இதையெல்லாம் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதச் சொன்னவர் எங்கள் சிதம்பரத்துப் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் பேசவும் வராது. கடையில் சாப்பிட வருகிறவர்கள் மேசையில் விட்டுப்போகும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்துப் படித்து எழுத மட்டும் கொஞ்சம் வரும். "பேச வரலன்னா எழுது. உன்ன மாதிரி நம்ம ஊர்ல எத்தனை பேரு குழாயடியில நின்னுகிட்டு இருக்கானோ" என்றார். அப்படி யாராவது நின்றுகொண்டிருந்தால், இது அவருக்கு.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்து வேளைத் தொழுகைக்கும் முன்னால் நாங்கள் கை கழுவி, வாய் கொப்பளித்து, மூக்குக்குத் தண்ணீர் கொடுத்து, முகம் கழுவி, முழங்கைவரை கழுவி, ஈரக் கையால் தலையைத் தடவி, கால் கழுவுவோம். இதுதான் ஒளு. ஓர் இடத்தை மூன்று முறை கழுவுவது நபிவழி. பழகியவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

எனக்கு ஐம்பது நிமிடம் ஆகும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. இங்கே வந்த சில வருடங்களில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நகக்கண்ணைப் பற்றிப் பேசினார்கள். மாவு பிசைகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும், நகத்துக்கடியில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போகாது, ஒளு நிறைவேறாது என்றார்கள். சரியான சட்டம்தான். அவ்வளவு கூட்டத்தில் மாவு பிசைகிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது. அன்றைக்கு நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். பிறகு விரலிடுக்கு. பிறகு முழங்கை. தண்ணீர் பட்டதைக் கண்ணால் பார்ப்பேன், கையால் தடவுவேன், தோலில் குளிர்ச்சி தெரியும். ஆனாலும் உள்ளே ஒன்று கேட்கும்: பட்டதா? நிச்சயமாகப் பட்டதா? திரும்ப முதலிலிருந்து தொடங்குவேன்.

பார்க்கிறவர்கள் என்னைப் பேணுதலான மனுஷன் என்றார்கள். மார்க்கத்தில் கவனமாக இருப்பவரை எங்களில் அப்படித்தான் பாராட்டுவார்கள். நானும் நம்பினேன். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் ஆறுதல்.

எட்டு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது விமானம் பிடித்து நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். முகம் பார்த்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை. அதில் குனிவதோ, தரையில் நெற்றி வைப்பதோ இல்லை. நின்றபடி நான்கு முறை அல்லாஹு அக்பர் என்னும் தக்பீர், கடைசியில் சலாம், முடிந்தது. மற்றத் தொழுகைகள் தவறினால் தனியாகத் தொழுதுகொள்ளலாம். இது ஒருமுறைதான், அதோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் ஹவுதுப் படியில், ஒளு செய்யும் அந்தத் தொட்டியின் ஓரத்தில், இடது முழங்கையோடு உட்கார்ந்திருந்தேன். முதல் தக்பீர் கேட்டது. இதோ வந்துவிடுகிறேன் என்று திரும்பக் கழுவினேன். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. பிறகு சலாம். பிறகு என் தாயைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் காலடிச் சத்தம்.

தாயைப் பறிகொடுத்த துக்கத்தில் உட்கார்ந்துவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் அக்காவின் கணவர் ஜமால் மச்சான் வந்து தோளில் கை வைத்து எழுப்பினார். உண்மையை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

3

குடிநுழைவு அலுவலகத்துக்கு இரண்டாம் முறை போனபோது எப்படியோ சுண்டுவிரல் ஒன்று தேறி, அனுமதி கிடைத்துவிட்டது. அந்த வாரத்தில்தான் இது நடந்தது.

எங்களுக்கு ஒரே மகள், ரைஹானா. ஒன்பது வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் மலாய், கணக்குப் போட்டால் மலாய், தூக்கத்தில் உளறினாலும் மலாய். சிதம்பரத்திலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள், நான் சொல்லிக்கொடுப்பதைத் திருப்பிச் சொல்வாள். நம்முடையது எதுவும் இவளிடம் தங்காது போலிருக்கிறதே என்று எனக்கு ஒரு குறை உண்டு.

ஒரு சனிக்கிழமை அஸர் நேரம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஓடுகிறது. நான் என் முறைக்காக வெளியே நின்றேன். உள்ளே அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"சத்து, டுவா, தீகா…"

ஒன்று, இரண்டு, மூன்று. சின்னப் பிள்ளை, மூன்று முறை கழுவுகிறது என்று எனக்குச் சந்தோஷம்.

"அம்பாட், லீமா, அனாம்…"

நான்கு, ஐந்து, ஆறு. கொஞ்சம் நிறுத்தினாள். ஓர் அழுகை போல மூச்சு. திரும்பவும் சத்து, டுவா என்று முதலிலிருந்து.

கதவைத் தட்டினேன். திறந்தாள். சட்டை முழுக்க ஈரம், கண் சிவந்திருந்தது. இடது கையை என் முன்னால் நீட்டினாள்.

"அத்தா, இந்த எடம் நனைஞ்சுச்சா? எனக்குத் தெரியல அத்தா. நீங்க பாத்து சொல்லுங்க."

அந்த நிமிடம் எனக்கு வந்தது பயம் என்றும் சொல்ல முடியாது, பிரமிப்பு என்றும் சொல்ல முடியாது. நான் இவளுக்கு ஒளு கற்றுக்கொடுத்தது ஒருமுறைதான், அதுவும் மூன்று தடவை என்றுதான். மற்றதை நான் வாயால் சொன்னதே இல்லை. கதவை அடைத்துக்கொண்டு செய்ததெல்லாம் அந்தக் கதவு வழியாக எப்படிப் போய்ச் சேர்ந்தது? என் ஊர் போகவில்லை, என் பேச்சு போகவில்லை. என் நோய் மட்டும் மொழி மாறி அவளிடம் போயிருந்தது.

நனைந்துவிட்டது அம்மா என்றேன். போனவள் இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து மறுபடியும் கேட்டாள்.

4

பள்ளி விடுமுறைக்கு மூன்று பேரும் ஊருக்கு வந்தோம். சிதம்பரத்தில் எங்களுக்கு இப்போது வீடு இல்லை. அக்கா வீடு கடலூரில். மச்சான் அங்கே சிப்காட்டில் ஓர் இரசாயன ஆலையில் வேலை பார்க்கிறார். எதையும் முகத்துக்கு நேராகப் போட்டு உடைக்கிறவர். அவர் வீட்டு மாடித் தொட்டி ஒரே நாளில் இரண்டு முறை காலியானது. மூன்றாம் முறை அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து குழாயடியில் என் முன்னால் நின்றார்.

"மாப்ள, வீராணம் ஏரியவே நீ ஒத்த ஆளா எறச்சிடுவ போலருக்கே."

நான் சிரிக்க முயன்றேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க பேக்டரியில ஆசிட் பட்டாக்கூட கா மணி நேரம்தான்டா கழுவ சொல்லுவாங்க. உம்மேல அப்படி இன்னாடா பட்டுச்சு?"

தோல் வியாதி என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு மறுநாளே தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அந்த மருத்துவர் களிம்பு எழுதினார். பேனாவை மூடிவிட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தண்ணீரில் கை இருக்கும் என்று கேட்டார். எனக்கு முந்தி மச்சான் சொன்னார். மருத்துவர் இன்னொரு தாளில் இன்னொரு பெயரை எழுதிக் கொடுத்தார். அது மனநல மருத்துவர்.

அந்த அறையின் வாசலில் காத்திருந்த ஒரு மணி நேரம், சிதம்பரத்து ஆள் யாராவது கண்ணில் பட்டுவிடுவார்களோ என்று செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தேன். ஒரு வரி படிக்கவில்லை.

டாக்டரம்மா பாதி நரைத்தவர். பெரிய பொட்டு. இவருக்கு ஒளு என்றால் என்ன புரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். தொழுவதற்கு முன் என்னென்ன கழுவ வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டார். சொன்னேன்.

"ஒரு எடத்த எத்தனை தடவை கழுவணும்?"

"மூணு."

"நீங்க எத்தனை தடவை?"

பக்கத்திலிருந்த மச்சான், "அவன் எண்றது இல்ல டாக்டர். மோட்டார் சத்தத்த வெச்சு நாங்கதான் எண்றோம்" என்றார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மூணு தடவை கடவுள் கேட்டது. சரி. நாலாவது தடவை யாரு கேட்டது?"

பதினைந்து வருடமாக நான் நின்று கழுவிய எல்லாக் குழாயடியும் என் கண்ணில் வந்து போனது. யார் கேட்டது? தெரியவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

"எனக்கும் தெரியாது. உங்க மார்க்கத்துல நான் சட்டம் சொல்லக் கூடாது. தெரிஞ்ச பெரியவங்கள கேட்டுட்டு வாங்க. முடிஞ்சா அவுங்களையே கூட்டிட்டு வாங்க" என்றார். இது ஒரு நோய், எண்ணச் சுழற்சி என்று பெயர், பலருக்கு இருக்கிறது, மாத்திரை உண்டு, பயிற்சியும் உண்டு என்று நிதானமாக விளக்கினார். ரைஹானாவைப் பற்றி நான்தான் கேட்டேன். அவளை அழைத்து வரச் சொல்லி, தனியாகப் பேசிப் பார்த்து, இப்போதைக்கு அவளுக்கு மருந்து வேண்டாம் என்றார்.

"பாப்பா உங்களப் பாத்து கத்துக்குது. நீங்க நிறுத்துறதையும் அது பாக்கணும். இன்னொண்ணு, நனைஞ்சுச்சான்னு அது கேட்டா நீங்க பதில் சொல்லக் கூடாது. ஆமான்னும் சொல்லக் கூடாது."

5

சிதம்பரத்துக்குத் தனியாகத்தான் போனேன். ஹஜ்ரத் என் அம்மாவுக்கு ஜனாஸா தொழவைத்தவர். அவர் முகத்தை நேராகப் பார்க்க அத்தனை வருடமாக எனக்குக் கூச்சம்.

அஸருக்குக் கொஞ்சம் முன்னால் ஹவுதில் உட்கார்ந்து ஒளு செய்யத் தொடங்கியிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திணறினேன். அவர் செய்துகொண்டே காதுகொடுத்தார். நான் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் காலைக் கழுவிவிட்டு நிமிர்ந்துவிட்டார். அவ்வளவுதான். அந்த ஒளு முடிந்தே போய்விட்டது. தொட்டியில் மீன்கள் அவர் கை கலக்கிய இடத்துக்கு வந்து சேர்வதற்குக்கூட நேரம் இல்லை. ஒரு மனிதர் ஒளு செய்வதை நான் அத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழாயடியில் நான் பார்த்ததெல்லாம் என் கையை மட்டும்தான்.

டாக்டரம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"நாலாவது யாரு கேட்டதுன்னா கேட்டாங்க அந்தம்மா?"

"ஆமா ஹஜ்ரத்."

"நாப்பது வருஷமா ஓதிக் குடுக்குறேன். எனக்கு இப்படிக் கேக்கத் தோணலயேப்பா."

பிறகு மெதுவாகச் சொன்னார். இதற்கு நம் கிதாபுகளில், மார்க்க நூல்களில், பெயரே இருக்கிறது, வஸ்வாஸ் என்பார்கள். பல நூறு வருடத்துக்கு முன்பே பெரியவர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கு மேல் கழுவுவது நன்மை இல்லை, வெறுக்கப்பட்டது. உறுதியாகச் செய்த ஒன்றைச் சந்தேகம் அழித்துவிடாது. இப்படிப்பட்டவன் சந்தேகத்தைக் கண்டுகொள்ளாமல் போவதுதான் அவனுக்குச் சட்டம்.

அல்லாவுக்குப் பயந்து செய்கிறேன் என்று நினைத்தது, அவன் வேண்டாம் என்று சொன்ன காரியம். கதவு திறந்தே இருந்திருக்கிறது. நான்தான் சுவரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதுதான் அம்மாவின் ஜனாஸாவைச் சொன்னேன். அந்தப் படியைக் கையால் காட்டினேன். ஹஜ்ரத் முகம் வாடிவிட்டது.

"அன்னிக்கு நான் உன்னத் தேடினேன்ப்பா. அழுதுகிட்டு இருப்பியோன்னு நெனச்சி ஆரம்பிச்சிட்டேன். பத்தடி நடந்து வந்து பாத்திருக்கலாம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "எப்ப அந்தம்மாவப் பாக்கப் போறே? நானும் வர்றேன்" என்றார்.

6

எழுபது வயதுக்காரர் எனக்காகச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ் ஏறினார். பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் அவருக்குச் சலாம் சொன்னவர்களிடமெல்லாம், "டாக்டரப் பாக்கப் போறேன்" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. என் வெட்கத்தை அவர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார் என்று பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். ஆற்றில் கரை நிறையத் தண்ணீர்.

"இதுல எறங்கி ஒளு செஞ்சாலும் மூணு தடவைதான். ஓடுற ஆத்துலகூட வீணாக்கக் கூடாதுன்னு வந்திருக்குது. எத்தனையோ தடவ ஜும்ஆ பயான்ல சொல்லியிருக்கேன்."

"இவ்ளோ தண்ணி ஓடுதே ஹஜ்ரத். நாலாவது கை அள்ளினா ஆத்துக்கு இன்னா கொறஞ்சிடும்?"

"ஆத்துக்கு ஒண்ணும் கொறையாது. உனக்குத்தான் கொறையும். தண்ணிய காப்பாத்துறதுக்கு வந்த சட்டம்னு நானும் நெனச்சிருந்தேன். உன்ன மாதிரி ஆளக் காப்பாத்தவும் வந்திருக்குதுன்னு இப்பதான் தோணுது."

பிறந்ததிலிருந்து எத்தனை முறை கடந்த பாலம் அது. அன்றைக்கு என் கை தானாகப் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு தண்ணீரையும் படைத்தவன், அள்ளுகிறவனுக்கு மூன்று கையோடு போதும் என்று சொல்லியிருக்கிறான். என் வாயில் அவனைத் துதித்து சுப்ஹானல்லாஹ் என்று வந்தது. எண்ணாமல் சொன்னேன்.

டாக்டரம்மா ஹஜ்ரத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும், ஒரே வீட்டைப் பற்றிக் கொத்தனாரும் ஆசாரியும் பேசிக்கொள்வதைப் போலப் பேசினார்கள். வீடு நான். நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர், அதற்குள் ஒளு. ஒருமுறை எழுந்தால் திரும்பி உட்காரக் கூடாது. தடவிப் பார்க்கக் கூடாது, யாரையும் பார்த்துச் சொல்லச் சொல்லக் கூடாது.

"அப்புறமும் சந்தேகம் வந்தா?" என்று ஹஜ்ரத் எனக்காகக் கேட்டார்.

"வரட்டும். அதையும் கூட்டிகிட்டுப் போயி தொழட்டும்."

ஹஜ்ரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழுகையில் வஸ்வாஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் ஓதியதும் ஏறக்குறைய இதுதான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லாக் கேட்டுக்க. உனக்குச் சட்டம் இதான். நாளைக்கி மறுமையில உன்னக் கேட்டா, சிதம்பரத்து ஹஜ்ரத் சொன்னாருன்னு சொல்லிடு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றதில்லை. ஆனால் டாக்டரம்மா விடவில்லை.

"நல்லது ஐயா. ஆனா இத ஒரு தடவைதான் சொல்லணும். ஊருக்குப் போயி தெனம் போன் பண்ணி இதையே கேப்பாரு. நீங்க எடுக்கக் கூடாது."

"புள்ள கஷ்டத்துல கூப்புடுவானேம்மா."

"எடுக்காம இருக்கிறதுதான் நீங்க குடுக்குற மருந்து."

7

ஈப்போவுக்குத் திரும்பிய முதல் வாரம் ஹஜ்ரத்துக்கு ஐந்து வேளையும் போன் அடித்தேன். மணி முழுதாக அடித்து நிற்கும். எடுக்கவில்லை. கோபம்கூட வந்தது. சொன்ன சொல் அந்த அறையோடு போச்சா என்று நினைத்தேன். பாட்டிலோடு உட்காருவேன், தண்ணீர் தீர்ந்துவிடும், எழுந்துவிடுவேன். தொழுகையில் முழுக்க முழங்கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதையும் கூட்டிக்கொண்டு தொழுதேன்.

மச்சான் ஒருநாள் போனில் சொன்னார். சிதம்பரம் போயிருந்தபோது ஹஜ்ரத்தைப் பார்த்தாராம். மணி அடிக்கும்போதெல்லாம் ஹஜ்ரத் போனைக் கையில் எடுத்து, என் பெயரைப் பார்த்துவிட்டு, அது அடித்து நிற்கும்வரை எனக்காக இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டிருப்பாராம். "மணிய நிறுத்திடாதடா மாப்ள, இலவசமா துஆ வருது" என்றார் மச்சான். அதைக் கேட்ட பிறகு போன் அடிப்பது எப்படியோ குறைந்து நின்றுவிட்டது. ஆறாயிரம் பேர் கூடியிருக்கும் தொழுகையில்கூட எனக்கு வராத சிலிர்ப்பு, அந்த எடுக்காத போனை நினைத்தால் இன்றும் வருகிறது.

என்னுடைய ஒளுவைவிடக் கஷ்டமாக இருந்தது ரைஹானாவின் கேள்விதான். "நனைஞ்சுச்சா அத்தா?" என்று ஈரக் கையோடு வந்து நிற்பாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் முகம் தெளிந்துவிடும். சொல்லக் கூடாது. "எனக்கும் தெரியலம்மா. வா, தெரியாமயே தொழுவோம்" என்பேன். அழுவாள். காலை உதைப்பாள். அம்மாவிடம் ஓடுவாள். சபுராவும் அதையே சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இப்படியே மாதங்கள் போயின. நான் மாத்திரை சாப்பிடுகிறேன். என் கையில் தோல் புதிதாக வருகிறது. இன்னும் சில நாள் பாட்டில் தண்ணீர் தீர்ந்த பிறகு மனம் குழாய்ப் பக்கம் போகும். முழுதாகக் குணமாகிவிட்டேன் என்று எழுதினால் அது பொய்.

போன ஞாயிற்றுக்கிழமை அஸர். வெளியே ஈப்போவின் வழக்கமான சாயங்கால மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. நான் என் ஒளுவை முடித்துக்கொண்டு தொழுகைப் பாயில் நின்றேன். பின் வரிசையில் சபுரா. ரைஹானாவுக்காகக் காத்திருந்தோம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. எண்ணும் சத்தம் கேட்கவில்லை. கதவு திறந்தது. ஓடி வந்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள், அந்த அவசரம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போய் அம்மா பக்கத்தில் நின்றாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டவும் இல்லை.

அவள் வந்த வழியில் தரையில் ஈரக் காலடிகள். விரல்கள் ஐந்தும் தெரிந்தன. பாதத்தின் முன்பாதி தெரிந்தது. குதிகால் இருக்க வேண்டிய இடம் ஒவ்வோர் அடியிலும் காய்ந்து கிடந்தது.

நுனிக்காலில் ஓடி வந்ததால் குதிகால் தரையில் படவில்லையா? அல்லது குதிகாலில் தண்ணீரே படவில்லையா? உள்ளே இருந்த அந்தப் பழைய குரல் எழுந்து உட்கார்ந்தது. திரும்பி அவள் காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வார்த்தை கேட்டாலும் தெரிந்துவிடும்.

"அத்தா, ஆரம்பிங்க" என்றாள் பின்னாலிருந்து.

கையை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்றேன்.

சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது தரை முழுக்கக் காய்ந்திருந்தது. அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள்.